பாட்டுக்குள் ஒரு கடிதம்

பழைய நெகிழ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 880 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு தெளிவான புகைப்படத்திற்குக்கூட அந்த இடம் போதாது. ஆனால், 1980களின் இறுதியில் ஐரோப்பாவில் வாழ்ந்த பதின்ம வயதினர் பலர், அதே வட்டில் பல பாடல்களைப் பதித்துத் தம் நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பினர். அவை இன்றும் கணினிகளில் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்பதும் எளிது. வேறு வடிவத்திற்கு மாற்றுவதும் எளிது. ஆனால், மாற்றும்போது எது கிடைக்கிறது, எது தொலைகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

1985ஆம் ஆண்டில் கொமடோர் நிறுவனம் அமிகா என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளை எழுப்பும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1987இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அந்தக் கணினிக்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் வழியில் வந்த மென்பொருள்கள் அனைத்தும் ‘டிராக்கர்’ என்றே அழைக்கப்பட்டன. 1990களில் பின்லாந்து இளைஞர்கள் ‘ஸ்கிரீம் டிராக்கர்’ என்பதையும், சுவீடன் இளைஞர்கள் ‘ஃபாஸ்ட் டிராக்கர்’ என்பதையும் படைத்தனர். ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் ‘இம்பல்ஸ் டிராக்கர்’ என்பதை எழுதினார். இசைக்கருவி வாங்கப் பணம் இல்லாதவரும் இசையமைக்கலாம் என்ற நிலையை இவை உண்டாக்கின.

டிராக்கர் கோப்பு எப்படி இயங்குகிறது? ஓர் அட்டவணையைக் கற்பனை செய்தால் போதும். பழைய ‘மாட்’ வகைக் கோப்பில் ஒவ்வோர் அட்டவணையிலும் நான்கு பத்திகளும் 64 வரிகளும் இருக்கும. எந்தச் சுரம், எந்தக் கருவியின் ஒலி, அதை எப்படி வாசிப்பது ஆகிய மூன்று செய்திகளும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கும். கணினி மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வாசிக்கும். வழக்கமான வேகத்தில் ஒரு வரிக்கு 0.12 நொடி, முழு அட்டவணைக்கு 7.68 நொடி. அந்த அட்டவணைக்குத் தேவைப்படும் இடம் வெறும் 1,024 பைட். அதே 7.68 நொடி இசையை இசைவட்டின் தரத்தில் பதிவு செய்தால் ஏறத்தாழ 1.35 மெகாபைட் தேவைப்படும்.

கருவிகளின் ஒலித்துண்டுகளும் அதே கோப்பில்தான் இருக்கும். ஆகவே, டிராக்கர் கோப்பு என்பது சமைத்த உணவு அன்று. சமையற்குறிப்பும் அதற்கு வேண்டிய பொருள்களும் ஒரே பெட்டியில் இருப்பதைப் போன்றது அது. கணினி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைத்துப் பரிமாறுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இன்னொன்றும் உண்டு. மாட் கோப்பில் 31 ஒலித்துண்டுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்துகளில் பெயர் சூட்டலாம். பறையொலி, குழலோசை என்று பெயரிடுவதற்காக அமைந்த இடம் அது. இளம் இசையமைப்பாளர்களோ அந்த இடத்தைக் கடிதம் எழுதப் பயன்படுத்திக்கொண்டனர். பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தால் நண்பர்களுக்கு வாழ்த்து, தம் முகவரி, பாடல் பிறந்த கதை எனப் பல செய்திகள் வெளிப்படும். பாட்டைக் கேட்பவர் காதுக்கு அவை எட்டா. கோப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கே அவை தெரியும்.

இக்கோப்புகளை இன்று கேட்பதற்குப் பழைய கணினி தேவையில்லை. ‘ஓப்பன்எம்பிடி123’, ‘எக்ஸ்எம்பி’ போன்ற இலவச மென்பொருள்கள் கட்டளை வரியில் இயங்குகின்றன. கட்டளை வரி என்றதும் சிலர் தயங்குவர். கறுப்புத் திரையும் மின்னும் சிறு கோடும் அவர்களை மிரட்டும். உண்மையில், அங்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மென்பொருளின் பெயர், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து நுழைவு விசையை அழுத்தினால் போதும், பாட்டு தொடங்கிவிடும். கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் மட்டும் அதை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். கூடுதலாக ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒலித்துண்டுகளின் பெயர்ப்பட்டியலும் திரையில் விரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் அங்கே மீண்டும் கண்முன் நிற்கும்.

வண்டியில் உள்ள ஒலிபெருக்கியும் சாதாரணக் கைப்பேசிச் செயலியும் பெரும்பாலும் இக்கோப்புகளைப் புரிந்துகொள்ளா. அப்போது மாற்றம் தேவைப்படுகிறது. கட்டளை வரி அதற்கு மிகவும் உகந்தது. முந்நூறு பாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்க ஒரு நாள் முழுவதும் போய்விடும். கட்டளை வரியில் ஒரே வரி எழுதினால் கணினியே எல்லாவற்றையும் ‘வேவ்’ கோப்புகளாக மாற்றிவிடும். பிறகு, அவற்றை இன்னொரு மென்பொருளின் துணையோடு ‘எம்பி3’ ஆகச் சுருக்கலாம்.

எனினும், மாற்றுபவர் சிலவற்றை முடிவு செய்தே ஆக வேண்டும். அமிகா கணினி இரண்டு ஒலிகளை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் முழுமையாகப் பிரித்து அனுப்பியது. அறையில் கேட்டவருக்கு அது இனித்தது. காதணி ஒலிபெருக்கியில் கேட்பவருக்கோ தலைவலி தரும். எனவே, பிரிவின் அளவைக் குறைக்க ஓர் எண்ணைக் கட்டளையில் சேர்க்கலாம். சில பாடல்கள் முடியாமல் சுழன்று கொண்டே இருக்குமாறு எழுதப்பட்டவை. எத்தனை முறை சுழன்றபின் நிறுத்துவது? பழைய கணினியின் கரகரப்பை அப்படியே விடுவதா, மெருகூட்டுவதா? மூலக் கோப்பில் இக்கேள்விகளுக்கு எந்நாளும் புதிய விடை தரலாம். மாற்றிய கோப்பிலோ ஒரே விடைதான் உறைந்து நிற்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். பதினாறு வயதில் இசையமைத்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இன்று அவருக்கு ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. பரணில் கிடந்த வட்டுகளிலிருந்து தம் பாடல்களை மீட்டு, எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றுகிறார். இனிப் பழையவை எதற்கு என்று மூலக் கோப்புகளை அழித்துவிடுகிறார். பாடல்கள் இனிமையாகவே ஒலிக்கின்றன. ஒரு நாள் அவர் மகள், “அப்பா, இந்த இடத்தை எப்படி வாசித்தீர்கள்?” என்று கேட்கிறாள். காட்டுவதற்கு அட்டவணை இல்லை. அன்று அவர் வாழ்த்து எழுதிய நண்பர்களின் பெயர்களும் இல்லை. சாம்பாரிலிருந்து பருப்பையும் புளியையும் மீண்டும் பிரித்தெடுக்க முடியுமா? எம்பி3 கோப்பை அதே அட்டவணையாகவும் கடிதமாகவும் திருப்பித் தரும் கட்டளை எதுவும் இல்லை.

விழிப்புள்ளவர் வேறு விதமாகச் செய்வார். முதலில் மூலக் கோப்புகளை ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, அவற்றைத் தொடாமல் காப்பார். பெயர்ப்பட்டியலை எழுத்துக் கோப்பாகச் சேமிப்பார். அதன்பின் மாற்றிய பாடல்களை வேறொரு கோப்புறையில் இடுவார். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. மாற்றிய ஒரு பாடல் பிடிக்கும் இடத்தில் மூலக் கோப்புகள் பல அடங்கிவிடும்.

புதிய வடிவம் பாட்டைப் பலர் காதுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதனால் மாற்றம் தேவைதான். ஆனால், அந்தப் பாட்டை ஒருவர் எப்படி உருவாக்கினார், யாரை நினைத்து உருவாக்கினார் என்பதை மூலக் கோப்பு மட்டுமே அறியும். அதை அழிக்கும் முன் ஒரு முறை திறந்து படித்துப் பார்ப்பது நன்று.