பேய் மாளிகைக்கு ஓர் ஏணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியையும் ஆண்டாளையும் சேவித்துவிட்டு, 11 நிலைக் கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, ஏழு மைல் தாண்டி இராஜபாளையம் வந்து சேர்ந்தோம். அன்று வைகுண்ட ஏகாதசி. நண்பர் வீட்டில் எல்லோரும் கண் விழித்திருந்தார்கள்.

கூடத்தின் மூலையில் நண்பரின் குமாரன் ஒரு பாழடைந்த மாளிகையின் படத்தை வரைந்துகொண்டிருந்தான். அறைக்கு ஒரு பிசாசு, சுரங்க வழி, இரகசியக் கதவு. 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் வழி வந்ததாம் இது. ஒருவர் மாளிகையை வரைந்து கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகிப் பகடை உருட்டி உள்ளே நுழைய வேண்டுமாம்.

"அந்நிய மோகம்!" என்று கண்டிக்க நாம் வாயெடுத்தோம். அதற்குள் பாட்டியம்மாள் பரமபத சோபான படத்தை விரித்துவிட்டாள். பார்த்தால், அதுவும் ஒரு மாளிகையின் படந்தானே! அசுரர் பெயர் பூண்ட பாம்புகள், புண்ணியமாகிய ஏணிகள், உச்சியில் வைகுண்டம். நம் நாட்டில் பிறந்த இவ்வகை ஆட்டத்தைத்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் தம் தேசத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நாளடைவில் பாவ புண்ணியம் உதிர்ந்து, பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின. அந்த வெறும் அட்டையையே நாமும் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம்!

பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரனின் படத்தைப் பார்த்தாள். "பேயெல்லாம் சரிதான், ஏறி வர ஏணி எங்கேடா?" என்றாள்.

பையன் யோசித்தான். பிறகு நிலவறையில் ஓர் ஏணியைப் போட்டான்.

எந்தத் தேசத்து ஆட்டமானால் என்ன? விழுந்தவன் எழுந்திருக்க வழி வைத்திருந்தால் அது நம்முடையதுதான். கண்டிப்பதை விட்டு, நாமும் தாயக்கட்டையைக் கையில் எடுத்தோம். கோழி கூவும் வரையில் நமக்குத் தாயம் விழவேயில்லை!