பெயர் சொல்லி ஜெபித்தவள்

எங்கள் தெருவில் கோழி கூவுவதற்கு முன்பே பட்டாசு ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிடும். அதற்கும் முன்னால் அம்மா எழுந்துவிடுவாள். முகம் கழுவி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுப்படித் தரையில் முழங்கால் போடுவாள். பாயில் சுருண்டு கிடக்கும் எனக்கு அவள் முணுமுணுப்பு ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும். முதலில் ஸ்தோத்திரம், பிறகு பெயர்கள். மேலவீட்டு மதினியின் பெயர், அவள் வேலை மருந்து ஷெட்டில். அவள் மூத்த மகள், திரி வெட்டுகிற இடத்தில். கோடிவீட்டு அண்ணன், லோடு ஏற்றுகிறவர். பம்படி வீட்டுப் பெரியம்மா, குழாய் உருட்டுகிறவர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, பார்க்கும் வேலையையும் சொல்லி, “போன மாதிரியே திரும்பி வரணும் ஆண்டவரே” என்று முடிப்பாள். பஸ் தெருமுனைக்கு வருவதற்குள் பட்டியல் முடிந்திருக்கும். தூக்குவாளியோடு ஓடுகிற காலடிச் சத்தம் அதற்கப்புறம்தான் கேட்கும்.

1980களில் சாட்சியாபுரத்துக்கு அருகில் இருந்தது எங்கள் வீடு. சிவகாசியை ஒட்டி சி.எம்.எஸ். மிஷனரிகள் காலத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு அது. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த ராக்லண்ட் ஐயர் 1854 முதல் வட திருநெல்வேலிக் கரிசல் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி ஊர் ஊராக நடந்ததையும், 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனதையும் ஆச்சி எங்களுக்குக் கதையாகச் சொல்வாள். “அந்த வெள்ளைக்கார ஐயரு இந்த வெயில்ல நடந்ததுக்கு, ஞாயித்துக்கிழம கோயிலுக்கு நடக்க ஒனக்கு வலிக்கோ?” என்பது அவள் வழக்கமான கேள்வி. ஆனால் எங்கள் தெருவில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. பத்திரகாளியம்மனுக்கு விரதம் இருப்பவர்களும், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும், எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருந்தோம். அம்மாவின் காலைப் பட்டியலில் பாதிக்கு மேல் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான்.

அப்பா லித்தோ அச்சாபீஸில் வேலை பார்த்தார். ஒரே மெஷினில் காலையில் முருகனும், மதியம் மெக்காவும், ராத்திரி வேளாங்கண்ணி மாதாவும் அச்சாகி விழுகிற ஊர் அது. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் பள்ளிக்காரர்கள் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சிவகாசியில் அச்சாகித்தான் ஊரெங்கும் சுவரில் தொங்கினார்கள். நிறம் தப்பிய கழிவுத் தாள்களை அப்பா கொண்டுவருவார், பள்ளி நோட்டுக்கு அட்டை போட. அட்டையில் எந்தச் சாமி முகம் இருந்தாலும் அந்த நோட்டைத் தரையில் போட அம்மா விடமாட்டாள். “அடுத்த வீட்டுக்காரங்க கைகூப்புற முகம்டா. காலு படக்கூடாது” என்பாள். தன் தேவனைத் தவிர வேறொருவரை வணங்காதவள் அவள். அந்த உறுதியும் இந்த மரியாதையும் அவளிடம் ஒன்றோடொன்று மோதியதே இல்லை.

அம்மாவுக்கு வேலை வீட்டிலேயே. தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டுவாள். 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தொடங்கியது, அறுபது ஆண்டுகளில் கரிசல் கிராமங்களின் ஒவ்வொரு திண்ணைக்கும் வந்திருந்தது. மரச்சீவலை மடித்து, காகிதம் சுற்றி, பசை தடவி, ஒரு பெட்டி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோஸுக்குத்தான் கூலி. மைதாவில் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவாள். அந்தப் பசையின் வாடை எங்கள் வீட்டுத் துணியில், தலையணையில், பள்ளிப் பையில், எல்லாவற்றிலும் இருந்தது. கணக்கப்பிள்ளை சனிக்கிழமை வந்து பெட்டிகளைப் புரட்டிப் பார்ப்பார். மூலை பிரிந்திருந்தால் அந்தக் குரோஸே கழிவு. அம்மாவின் பெட்டிகளில் கழிவு விழுவது அபூர்வம்.

கை ஓடிக்கொண்டிருக்க வாய் பாடும். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும், 1871இல் பவர் ஐயர் குழு திருத்தி முடித்த வேதாகமத்தின் கடினமான வடமொழிச் சொற்களைப் பிசிறில்லாமல் வாசிப்பாள். எங்கள் பாடப்புத்தகத்தில் செய்யுள் பகுதி வந்தால் வாத்தியாருக்கு முன்னால் அம்மாதான் அதைப் பிரித்துச் சொல்லுவாள். பெட்டி மடிக்க உட்காரும் எங்களை 121ஆம் சங்கீதத்தை மாற்றி மாற்றிச் சொல்லவைப்பாள். மலைகளைப் பற்றிய அந்தச் சங்கீதத்தைச் சொல்லும்போது, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நீலமாகத் தெரியும் மலையைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். எருசலேமை எனக்கு யாரும் காட்டியதில்லை.

இருட்டியதும் குடும்ப ஜெபம். பசைச் சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்து, எல்லாரும் கை கழுவ வேண்டும். பிசுபிசுத்த கையோடு வேதத்தைத் தொடக்கூடாது. ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு வசனம், பிறகு அம்மாவின் ஜெபம். காலையில் சொன்ன அதே பெயர்கள் மறுபடியும் வரும். ஆனால் வேண்டுதல் இப்போது நன்றியாக மாறியிருக்கும். மேலவீட்டு மதினி வந்துவிட்டாள், ஸ்தோத்திரம். அவள் மகள் வந்துவிட்டாள், ஸ்தோத்திரம். யாராவது இன்னும் வரவில்லை என்றால் ஆமென் சொல்வதற்கு முன்பு என்னை எழுப்பி அனுப்புவாள்: “போய் பம்படி வீட்டுல பெரியம்மா வந்துட்டாங்களான்னு பாத்துட்டு வா.” நான் ஓடிப்போய்ப் பார்த்துவந்து சொல்லும்வரை வீடே கண்மூடிக் காத்திருக்கும். ஜெபம் என்பது கண்ணை மூடிக்கொள்வது மட்டும் இல்லை, ஆள் அனுப்பி விசாரிப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

மழை விஷயத்தில் அவள் பட்ட பாடு தனி. வானம் பார்த்த பூமி எங்களுடையது. வேம்பக்கோட்டைப் பக்கம் மாமா வைத்திருந்த மானாவாரிக் கம்பும் பருத்தியும் மழைக்காகக் காய்ந்து கிடக்கும். கோயிலில் ஐயர் மழைக்காக ஜெபிக்கச் சொல்லுவார். ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் இந்த மண்ணில் நிலைத்ததே இங்கே மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தானே? தூறல் விழுந்தால் மருந்து காயாது, குச்சி காயாது, திரி காயாது. அன்றைக்குத் தெருவுக்கே கூலி இல்லை. அம்மா மாமாவையும் கைவிடவில்லை, தெருவையும் கைவிடவில்லை. “ராத்திரி மழையும் பகல்ல வெயிலும் தாரும் ஆண்டவரே” என்று கேட்பாள். மேலவீட்டு மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “அப்படியே கேளுங்க மதினி, நானும் எங்க ஆத்தாகிட்ட அதத்தான் கேட்டுருக்கேன்” என்பாள்.

சோறு பொங்க உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது அம்மாவின் வழக்கம். எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த பிடியரிசிக் காணிக்கை அது. கையில் காசு புழங்காத பெண்கள் தங்கள் உலையிலிருந்தே எடுத்துக் கொடுத்த காணிக்கை. படி கணக்கில் அளந்து போடுகிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. ரேஷன் அரிசி தீர்ந்து, கம்பங்கூழ் காய்ச்சுகிற நாளில் ஒரு பிடி கம்பு போகும். “நமக்கே இல்லையேம்மா” என்று கேட்ட அக்காவிடம், “இல்லாதப்போ குடுக்குறதுதான்டி காணிக்க. மிச்சத்தக் குடுக்குறது பழைய சோறு” என்றாள்.

தீபாவளிதான் எங்கள் ஊருக்கே படியளக்கும் பண்டிகை. சீசன் முடிந்து போனஸ் போட்டதும் ஆபீஸ்களைச் சில வாரம் மூடிவிடுவார்கள். கையில் காசு இருக்கும் அந்த ஒரு வாரத்திலேயே அம்மா கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்துவிடுவாள். டிசம்பரில் காலண்டர் வேலை நெருக்கும். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். கேரல் பாடுகிறவர்கள் நடுச்சாமத்தில் வாசலுக்கு வரும்போது அம்மாவே அரிக்கேன் விளக்கோடு நின்று காணிக்கை போட்டு, கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். கிறிஸ்துமஸ் காலையில் முறுக்கும் அதிரசமும் நிறைந்த தட்டுகளைத் துண்டால் மூடிக்கொண்டு, பெயர்ப்பட்டியலில் உள்ள எல்லா வீட்டுக்கும் நாங்கள் நடப்போம். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து வந்த அதே தட்டுகள். எதுவும் காலியாகத் திரும்பியதில்லை.

1991 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பெண்கள் கூடும் உபவாச ஜெபத்துக்கு அம்மா போகிற நாள். மீனம்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்த செய்தி வந்ததும் தெருவிலிருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். யார் எந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறார்கள் என்று யாருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தினமும் கடவுளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய விவரம். தெரு நடுவில் நின்று ஒவ்வொரு வீடாகச் சொன்னாள்: இவள் இன்ன ஆபீஸ், அங்கே இல்லை. இவர் இன்ன ஆபீஸ், அங்கே இல்லை. எங்கள் தெரு தப்பித்தது. அந்தப் பெண்கள் மூச்சு விட்டார்கள். அம்மா மட்டும் வீட்டுக்குள் வந்து, அப்பாவின் பழைய வேட்டிகளையும் தன் நைந்த நூல் சேலைகளையும் எடுத்து மடித்தாள். பக்கத்துக் கொல்லையில் கேட்டு வாழை இலைகளை அறுத்தாள். தீக்காயக்காரர்களைக் கிடத்த வாழை இலை வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அந்தக் கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் மறுநாள்தான் வந்தாள். அந்த வெடிவிபத்தில் 39 பேர் இறந்ததாகப் பின்னால் சொன்னார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

அதற்கப்புறம் அம்மாவின் ஜெபம் நீண்டது. நேரிலே கண்டிராத, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் மட்டும் கேட்டுவந்த பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். ஜெபம் நீண்டதோடு நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் மேலவீட்டு மதினியிடம் போய் உட்கார்ந்தாள். மதினியின் இளைய மகளும் பள்ளியை விட்டு ஆபீஸ் பஸ் ஏறத் தொடங்கியிருந்த நேரம். “மதினி, காலையில நான் உங்க வீட்டு ரெண்டு பேரச் சொல்லி ஜெபம் பண்றேன். மூணாவது பேரையும் சேக்கச் சொல்லாதீங்க. இந்தப் பிள்ளைய எங்கூட விடுங்க” என்றாள். கூலி போகுமே என்றாள் மதினி. அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டில் இரவுச் சோறு. அம்மா தன் குரோஸ் காசிலிருந்து நோட்டும் பாவாடை சட்டையும் வாங்கினாள். அந்தப் பிள்ளை மாலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்து, எங்களோடு ஜெபத்துக்கும் இருந்து, திருநீறு பூசிய நெற்றியோடு வீட்டுக்குப் போகும். அந்தத் திருநீற்றைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பிள்ளை பின்னாளில் நர்ஸ் படித்தாள்.

மீனம்பட்டி விபத்தைத் தானாகவே முன்வந்து கவனத்தில் எடுத்த உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்று. பத்திரிகையில் அதை வாசித்துக் காட்டியபோது அம்மா பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று இரவு ஜெபத்தில் டெல்லியில் இருக்கிற நீதிபதிகளும் சேர்ந்தார்கள். பெயர் தெரியாததால் “அந்த ஐயாமார்” என்று சொன்னாள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மறுபடி ஒரு பட்டாசு ஆபீஸ் வெடித்து 40 பேர் வரை இறந்தபோது அவளுக்கு வயதாகிவிட்டிருந்தது. தொலைபேசியில் நான் அழைத்ததும் அவள் சொன்னது இதுதான்: “ஜெபத்துக்குப் பதில் தர்றது கர்த்தரு மட்டும் இல்லடா. ஒரு ரூம்புல நாலு பேருக்கு மேல ஆள வைக்காம இருக்கிறவன், மருந்த அளவா வைக்கிறவன், சரியா வந்து பாத்துட்டுப் போற ஆபீசரு, எல்லாரும் பதில் சொல்லணும்.”

ஐந்தாம் வகுப்பு படித்த, அடிப்பெட்டி ஒட்டிய ஒரு பெண் வந்து சேர்ந்த இடம் இது. பக்தி மனிதனை உலகத்திலிருந்து விலக்கும் என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. நான் பார்த்த பக்தி, தெருவில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தது. வராதவரை விசாரிக்க ஆள் அனுப்பியது. வாழை இலை அறுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. ஒரு சிறுமியை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பள்ளிக்கு அனுப்பியது. வேலைக்குப் போகிறவர் எல்லாரும் போன மாதிரியே திரும்பி வர வேண்டும் என்கிற அந்த வேண்டுதலில் கிறிஸ்தவர், இந்து என்ற பேதம் எதுவும் இல்லை. அதை நிறைவேற்றும் வேலையிலும் இருக்கத் தேவையில்லை.