கூப்பிடும் பெயரும் பட்டாவில் ஏறும் பெயரும்

பாவூர்சத்திரம் சந்தைக்கு வெங்காயமும் தக்காளியும் கொண்டுவருகிற சம்சாரிகளில் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. கமிஷன் கடைச் சீட்டில் எழுதுவது ஒன்று, ரேஷன் கார்டில் இருப்பது இன்னொன்று. வீட்டில் சுப்பையா, பள்ளிக்கூடத்தில் சுப்பிரமணியன். ஊருக்கு முத்து, ஆதாருக்குச் சுடலைமுத்து. ஆளைப் பார்த்துக் கணக்கை முடித்த காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது ஆளைப் பார்ப்பது கணினி. அதற்கு சுப்பையாவும் சுப்பிரமணியனும் இரண்டு பேர்.

பட்டாவில் சுப்பையா என்றும் ஆதாரில் சுப்பிரமணியன் என்றும் இருந்தால், பி.எம். கிசான் திட்டத்தின் வருடம் 6,000 ரூபாய்க்கே முட்டுக்கட்டை விழலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு என்று எதற்குப் போனாலும், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சான்று கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைவதில் நாற்று நடுகிற நாள் தவறிப்போகும். அப்படி அலைந்த தாத்தா இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், பெயர்ப் பேச்சு சீக்கிரத்தில் முடிவதில்லை.

இந்தப் பக்கத்தில் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. குற்றாலத்தில் குற்றாலநாதர், குழல்வாய்மொழியம்மை. தென்காசியில் விசுவநாதர், உலகம்மன். சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர், கோமதியம்மன். பண்பொழி மலையில் திருமலைக்குமாரர், இலஞ்சியில் குமாரர், கீழப்பாவூரில் நரசிம்மர். இவர்களோடு சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன், முப்பிடாதியம்மன் என்று வீட்டுக்கு வீடு குலதெய்வம். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பிள்ளைகளின் பெயர்கள் பெரும்பாலும் இந்தக் கோயில்களிலிருந்தே வந்தன. உலகம்மாள், கோமதி, இசக்கிமுத்து என்றால் எந்தக் கோயிலுக்கு நேர்ந்த பிள்ளை என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதும் அப்படித்தான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பெயர்த்திதான் பேத்தி ஆனாள். ஆகவே ஒரு தாத்தா தன் தகப்பனார் பெயரைக் குழந்தைக்குக் கேட்டால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. தமிழ் அவருக்குக் கொடுத்த உரிமை அது.

ஆனால் பெயரைச் சுமக்கப் போவது பிள்ளை. பாவூர்சத்திரம் பக்கத்து வீடு ஒன்றில் மூத்தவளுக்கு யாழினி என்று வைத்திருந்தார்கள். இரண்டாவது பையன். தாத்தா, தன் அப்பா பெயரான சுடலைமுத்துவை வைக்கச் சொன்னார். மருமகளுக்கு அதில் மனத்தாங்கல். சாமி மேல் குறையொன்றும் இல்லை. "மாமா, பள்ளிக்கூடத்துல சுடலை சுடலைன்னு கேலி பண்ணுவாங்க" என்பதுதான் அவர் பயம். அவர் எழுதி வைத்திருந்த பட்டியலில் ஸ்ரீயும் ஷும் நிறைந்த பெயர்கள் இருந்தன. ஆச்சி அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாயில நுழையாத பேர வச்சிட்டு எங்கள எப்படிக் கூப்பிடச் சொல்லுதிய?"

ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஜ, ஷ, ஸ, ஹ வருகிற பெயரைப் பெரியவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வார்கள். அந்த மாற்றமே பட்டப்பெயராக நிற்கும். சுத்தத் தமிழ்ப் பெயரிலும் சங்கடம் உண்டு. இந்தப் பக்கத்தில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவர்கள் ஏராளம். அவர்கள் வாயில் யாழினி யாளினிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் இசட், எச் என்ற இரண்டு எழுத்தைப் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தடுப்பூசி அட்டையில் ஒன்றும் ஆதாரில் ஒன்றுமாகப் பதிந்துவிட்டால், சுப்பையா தாத்தாவின் கதை பேத்திக்கும் தொடரும்.

அக்கா தம்பி பெயர்ப் பொருத்தமும் பேச்சில் வந்தது. யாழினிக்குத் தம்பி யாழமுதன் என்றால் காதுக்கு இனிமைதான். ஆனால் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் திரும்பிப் பார்க்கும். அப்பாவின் முதலெழுத்தும் ஒன்று, பெயரின் முதலெழுத்தும் ஒன்று என்றால், பள்ளியிலும் வங்கியிலும் ஒருவர் காகிதம் இன்னொருவர் கணக்கில் ஒட்டிக்கொள்ள வழியுண்டு. இரட்டைப் பிள்ளைகளுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். உடன்பிறந்தவர் பெயர் ஒரே மரத்துக் காயாக இருக்கலாம். ஒன்றுபோலவே இருக்க வேண்டியதில்லை.

பொருத்தத்தில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூத்த பெண்ணுக்கு ராஜேஸ்வரி என்று ஆசையாக வைத்துவிட்டு, அடுத்தடுத்துப் பிறந்த பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் இருந்தன. முந்திய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கையா என்றும், பிச்சை, குப்பை என்றும் பெயர் வைத்தார்கள். அது எமனை ஏமாற்றப் பார்த்த தாயின் பயம். அதில் பாசம் இருந்தது. போதும்பொண்ணு என்பதில் அது இல்லை. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா என்ற பெயரைச் சுமந்த 280-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு 2011 அக்டோபரில் அரசு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். தனக்கு என்ன பெயர் வேண்டும் என்று அதுவரை யாரும் அந்தப் பெண்களைக் கேட்டிருக்கவில்லை.

செல்லப்பெயரை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். பாவூர்சத்திரத்துக்குத் தெற்கே கடையத்தில் மருமகனாக வந்து வாழ்ந்த பாரதியாருக்கும் வீட்டுப் பெயர் சுப்பையாதான். முழுப்பெயர் சுப்பிரமணியன், எட்டயபுரத்தில் கிடைத்த பட்டம் பாரதி. மூன்றும் ஒருவருக்குப் பொருந்தின. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தாலேயே எத்தனையோ பேரன்கள் ராசா, ஐயா, பெரியவன் என்று ஆனார்கள். கணக்கெடுக்க வருகிறவரிடம் அந்தச் செல்லப்பெயரைச் சொல்லிவிடுவதில்தான் வம்பு தொடங்குகிறது.

அந்த வீட்டில் கடைசியில் இளமுத்து என்று முடிவானது. பூட்டனார் பெயரில் பாதி அதில் இருக்கிறது. "முத்து இருக்குல்லா, போதும்" என்றார் தாத்தா. மருமகளுக்கும் கேலிக்கு இடமில்லை என்ற நிம்மதி. வரப்பிலிருந்து கிணற்றடிக்குக் கூப்பிட்டாலும் காதில் விழுகிற பெயர். ஆச்சிக்கு மட்டும் தன் மாமனார் பெயரில் பாதியைக்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை. அவருக்குப் பிள்ளை 'எய்யா'தான்.

பெயர் முடிவாகவில்லை என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பிறந்த 21 நாளுக்குள் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிடலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பதிந்த பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, வேறு பெயர் வைப்பது எளிதல்ல. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை முடிவு செய்து, முதலெழுத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அந்தத் தாளைப் பார்த்தே தடுப்பூசி அட்டை முதல் பள்ளிப் பதிவேடு வரை ஒரே மாதிரி எழுதச் சொல்லலாம். நாளைக்கு அந்தப் பிள்ளை பெயருக்கே பட்டா மாறும்போது, சான்றுக்கு அலைகிற வேலை அவனுக்கு இருக்காது.