கைக்கருவியிலிருந்து கதைக்கட்டத்துக்கு

லயன் காமிக்ஸ் தமிழில் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வெளியிட்ட, நினைவிழந்த நாயகனைக் கொண்ட பெல்ஜியச் சித்திரக்கதையை யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2003-இல் வீடியோ கேமாக்கியபோது, கதைக்கட்டங்களும் ஒலிச்சொற்களும் திரையிலேயே தோன்றும்படி அமைத்தது. அதே நிறுவனம் பின்னர் எதிர்த்திசையிலும் நடந்து, 'அசாசின்ஸ் கிரீட்' என்ற தன் விளையாட்டின் உலகிலிருந்து, இந்தியாவைக் களமாகக் கொண்ட 'பிரம்மன்' என்ற சித்திரக்கதையை 2013-இல் வெளியிட்டது.

அசாசின்கள் எனப்படும் மறைமுகப் போராளிகளுக்கும், மனித குலத்தை அடக்கியாள விரும்பும் டெம்ப்ளர்களுக்கும் இடையே நூற்றாண்டுகளாகத் தொடரும் பகையே இவ்விளையாட்டின் அடிப்படை. மரபணுவில் தங்கியிருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட முன்னோரின் நினைவுகளை, இன்றைய மனிதர் ஒரு கருவியின் துணையால் மீண்டும் வாழ்ந்து பார்ப்பது அதன் உத்தி. 'பிரம்மன்' கதையில் ஜோத் சூரா என்ற இக்கால மென்பொருளாளர் வழியாக, 1839-ஆம் ஆண்டின் சீக்கியப் பேரரசும், கோஹினூர் வைரத்தைத் தேடும் அர்பாஸ் மீரும், அவன் மனம் கவர்ந்த இளவரசி பியாரா கௌரும் வாசகர்முன் வருகின்றனர்.

விளையாட்டில் நாயகன் இறந்தால் ஆடுபவர் சற்று முன்னிருந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிடலாம் என்பதால், அங்கே மரணத்துக்குக் கனம் இல்லை; சித்திரக்கதையிலோ நிகழ்ந்தது நிகழ்ந்ததுதான், இழந்தவர் திரும்புவதில்லை. அர்பாஸின் காதலும் அச்சமும் வாசகரைத் தொடுவதற்கு இந்த மீளாமையே முதற்காரணம். ஆடும் விரல்கள் விரைந்து கடந்துவிடும் அரண்மனைச் சுவர்களையும் ஆடைகளையும் முகங்களையும், கேமரன் ஸ்டூவர்ட், கார்ல் கெர்ஷல் ஆகியோரின் ஓவியங்களில் வேண்டிய அளவு நின்று பார்க்க முடிவதும் சிறிய பேறன்று.

ஆயினும் கோபுரமொன்றில் கல் கல்லாகப் பற்றி ஏறும்போது ஆடுபவரின் கைக்குக் கிடைக்கும் பதற்றத்தை எந்த ஓவியமும் தந்துவிட இயலாது. அந்த இடத்தைக் கதை வேறொன்றால் நிரப்பியாக வேண்டும். இரண்டு காலங்களை ஒரு மெல்லிய நூலுக்குள் அடைக்க முயல்வதால் இக்காலப் பகுதி அவசரப்படுகிறது. விளையாட்டை அறியாத வாசகர் டெம்ப்ளர்களின் நோக்கம் புரியாமல் தடுமாறுவதும் இங்கேதான். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைக் கூட்டத்தாரை ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரியாக வரலாறு அறியும் வில்லியம் ஸ்லீமன் இங்கே டெம்ப்ளராகிறார். கற்பனைக்கு அந்த உரிமை உண்டு என்றாலும், 1839 ஜூன் 27 அன்று லாகூரில் உடல்நலிவால் மறைந்த சீக்கியப் பேரரசர் ரஞ்சித் சிங்கின் இறுதிக் காலத்தைச் சதிக்களமாகப் படிக்கும் இளம் வாசகருக்கு, எது வரலாறு என்று பிரித்துக் காட்டும் ஒரு பின்னுரை அவசியம்.

இவ்வளவுக்கும் பிறகு 2016-இல் அர்பாஸ் மீரையே நாயகனாகக் கொண்டு தனி விளையாட்டொன்று வந்தது. விளையாட்டின் நிழலாகத் தொடங்கிய சித்திரக்கதை விளையாட்டுக்கே ஒரு நாயகனை அளித்தது என்பதே அதன் வெற்றி. தமிழ்நாட்டிலும் இதற்கான களங்கள் குறைவில்லை. இராமானுசர் ஆசிரியராகப் போற்றிய திருக்கச்சி நம்பியின் ஊரும், பின்னாளில் ஆங்கிலேயப் படைமுகாம் அமைந்த ஊருமான பூந்தமல்லி ஒன்றே இரு காலக் கதைக்குப் போதுமானது. விளையாட்டு வடிவமைக்கும் தமிழ் இளைஞர்களும் சித்திரக்கதைப் பதிப்பாளர்களும் சேர்ந்து அத்தகைய முயற்சியில் இறங்க வேண்டும்.