தேறலும் பருவமும்

பழமை என்றாலே பெருமை என்று கொள்வது நம்மவர் இயல்பு. பழைய அரிசிக்கும் பழம்புளிக்கும் நம் வீடுகளில் தனி மதிப்புண்டு. ஆயினும் முதிர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. இதனை மதுவருந்தாக் குடியிற் பிறந்த எனக்கு உணர்த்தியது இத்தாலிய நாட்டுத் திராட்சை மது என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். மட்டாஞ்சேரியில் வாழ்பவனுக்கு அது வியப்பன்று.

இவ்வூருக்கு வடக்கே, வடபரவூரின் அருகில் பட்டணம் என்னும் சிற்றூர் உள்ளது. அதுவே பழைய முசிறி என்பர் ஆய்வாளர் பலர். அங்கே 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வில் யவனரின் இருகைப்பிடிச் சாடிகள் ஆயிரக்கணக்கான சில்லுகளாகக் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கிறது. அது இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரை மண். யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடினார். அவர்தம் மதுவை நாள்தோறும் பருகி இன்புற்று வாழுமாறு பாண்டியன் நன்மாறனைப் புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்தினார்.

அக்காலத்தில் இத்தாலியின் தலைசிறந்த மது, மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த பலேர்னியன். அதனை எப்போது பருகுவது என்பதை உரோமர் நுணுகி ஆராய்ந்தனர். பத்தாண்டு கழிந்தபின்னரே அது பருகத் தகும். பதினைந்து முதல் இருபது ஆண்டுவரை மிக நன்று. அதற்கு மேற்பட்டால் தலைநோவு தரும் என்பது மருத்துவர் கேலனின் கருத்து. கி.மு. 121-ஆம் ஆண்டு விளைச்சல் இத்தாலியில் ஈடற்றது எனப் புகழ்பெற்றது. அதனைச் செல்வர் போற்றிக் காத்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்குப்பின் எஞ்சியதைக் குறித்துப் பிளினி எழுதுகிறார்: அது தேன்போல் இறுகிக் கசந்துவிட்டது, தனியே பருக இயலாது, பிற மதுவோடு சிறிது கலக்கவே பயன்பட்டது. காத்தவர் எவரும் அதன் இனிமையைக் கண்டிலர்!

இன்றும் அந்நாட்டின் வடபால் விளையும் பரோலோ என்னும் செம்மதுவை 38 மாதம் முதிரவைத்த பின்னரே விற்கலாம் என்பது சட்டம். இளமையில் அது பச்சைப்பாக்குப்போல் துவர்க்கும். அத்துவர்ப்புப் பொருள்கள் ஆண்டுகள் செல்லச்செல்ல ஒன்றோடொன்று கூடி வண்டலாகப் படியச் சுவை கனியும். நல்ல விளைச்சலுக்குப் பத்தாண்டுக்கு மேலும் பொறுமை வேண்டும் என்பர் சுவையறிந்தோர். குளிர்ந்த நிலவறையில் நிகழும் கனிவு இது. நம் கொச்சிப் புழுக்கத்தில் வைத்தால் முதிருமுன் கெட்டுவிடும். முதிர்ச்சி காலத்தால் மட்டும் அமைவதன்று. இடமும் இசைய வேண்டும். நம் முன்னோரும் இதனை அறிந்தவரே. பாரியின் பறம்பு நாட்டில் மதுவை நிலத்திற் புதைத்து முதிரவைத்ததைக் கபிலர் பாடியிருக்கிறார்.

இவ்வளவையும் எண்ணியவாறே யூதத் தெருவில் நடப்பது என் வழக்கம். ஒருகாலத்தில் மிளகு மணந்த அத்தெருவில் இன்று கலைப்பொருட் கடைகளே மிகுதி. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் அதன் கோடியில் நிற்கிறது. அம்மக்கள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தம் வழிபாட்டுக்குரிய மதுவை வீட்டிலேயே செய்துகொண்டனர். நிலவறையோ ஆண்டுக் கணக்கோ அதற்கில்லை. வெள்ளி மாலையில் குடும்பம் கூடி அமரும் வேளையே அதன் பருவம். 1948-இல் இஸ்ரேல் தோன்றியபின் அவருட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொதுவழிபாடு நிகழ்த்தலாகாது என்பது அவர்தம் நெறி. அப்பத்துப் பேரும் இல்லாமற்போன நாளில், எத்துணைச் சுவையான மது இருந்தும் என்ன பயன்?

பிறமண்ணில் வாழும் நாமும் பலவற்றைப் பிற்காலத்துக்கென மூடிவைத்திருக்கிறோம். பாட்டியின் தாலாட்டு, தாத்தாவின் ஊர்க்கதை, பரணில் உறங்கும் தமிழ் நூல்கள் யாவும் அத்தகையனவே. பிள்ளைகள் வளரட்டும், ஓய்வு கிட்டட்டும் என்று நாள் கடத்துகிறோம். சாடியைத் திறக்கும் பருவத்தைச் சாடி மட்டும் அறிவிப்பதில்லை. பகிர்ந்துண்ணும் மக்கள் சூழ்ந்திருக்கின்றனரா என்றும் பார்க்கவேண்டும். இன்று பாட்டி கூடத்தில் இருக்கிறாள். பேரனும் அருகில் இருக்கிறான். இதனினும் நல்ல பருவம் வேறு வாய்க்குமோ?