ஆவடி தாண்டும் ரயில்... காடிழந்த இருளர்கள்!

சென்னை சென்ட்ரலில் திருவள்ளூர் மின்சார ரயிலைப் பிடித்தால் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என ஊர்கள் வரிசையாக வரும். வழியெங்கும் தொழிற்சாலைகள், குடியிருப்புகள், கல்லூரிகள். அவற்றுக்கு நடுவே, ஏரிக்கரை ஓரங்களிலும் வயல் ஓரங்களிலும் சின்னச் சின்னக் குடிசைகளைப் பார்க்கலாம். அவற்றில் பல இருளர் குடும்பங்களின் வீடுகள். பூந்தமல்லி, திருவள்ளூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் இவர்கள்.

காட்டை எரித்த ரயில்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுதான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாணத்து ரயில் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் விறகுதான் எரிபொருள். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டும். வளர்ந்துகொண்டிருந்த பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டும். காடுகள் வேகமாகக் கரைந்தன.

அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை வந்தது. அதன் முதல் காப்பாளர் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர். ரயிலுக்காகக் காடு அழிவதைப் பற்றிக் கவலையோடு எழுதியவர் அவர். ஆனால், காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம் வேறொரு வினையைச் செய்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. காடுகள் ‘காப்புக்காடு’ ஆயின. அனுமதியில்லாமல் உள்ளே போவது, விறகு வெட்டுவது, வேட்டையாடுவது எல்லாம் குற்றமாகின.

தேன், கிழங்கு, மூலிகை, உடும்பு, முயல் என்று காட்டையே நம்பி வாழ்ந்தவர்கள் இருளர்கள். ‘வில்லியர்’ என்றும் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளியான தன் ஏழு தொகுதி நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் எழுதும்போது வனச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. காட்டில் இருந்தவர்கள் அடுத்தவர் வயலுக்கும் களத்துக்கும் கூலியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

எலியும் பாம்பும்

கைவிடாமல் அவர்களோடு வந்தது அறிவு ஒன்றுதான். வரப்பில் இருக்கும் வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். புகை மூட்டி எலியைப் பிடிப்பதோடு, அது சேர்த்துவைத்த நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். விவசாயிக்கும் லாபம், இவர்களுக்கும் சோறு.

பாம்புத் தோல் வியாபாரமும் ஒரு காலத்தில் பிழைப்பாக இருந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. வழி என்ன என்று யோசித்தபோது பிறந்ததுதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கிய அந்தச் சங்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாரிக்க இந்த விஷம் முக்கிய ஆதாரம்.

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களை மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு சான்றிதழுக்காக

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மத்திய அரசின் ‘மிகவும் நலிவடைந்த பழங்குடி’ பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனால், திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வாங்கிய முன்பணத்துக்காகக் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இவர்கள் பலர்.

பிள்ளை படிக்க, உதவித்தொகை வாங்கப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருபவர் கோட்டாட்சியர். அப்பா, தாத்தா பெயரில் ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேள்வி வரும். காட்டிலும் ஏரிக்கரையிலும் வாழ்ந்த தாத்தாவிடம் ஏது பட்டா? நூறு வருஷத்துக்கு முன்பே புத்தகத்தில் ஏறிய இனத்தின் பேரப்பிள்ளைகள், ‘நாங்கள் இருளர்தான்’ என்று நிரூபிக்க அலுவலகப் படியேறுகிறார்கள்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல ஊர்களிலிருந்தும் வந்த இருளர் குடும்பங்கள் மணலில் சேலைகளால் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பார்கள். விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே பெண் பார்த்து, நிச்சயம் செய்து, தாலியும் கட்டுவார்கள். யார் எந்த ஊர், யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.