நல்லூரில் ஒரு கிண்ணம் ஐஸ்கிறீம்

நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பிள்ளைகளின் கால்கள் தாமாகவே ஐஸ்கிறீம் கடைப் பக்கம் திரும்பிவிடும். ரியோ போன்ற கடைகள் கோயிலுக்குக் கிட்டவே இருக்கின்றன. 25 நாள் திருவிழாக் காலத்தில் அங்கே ஒரு கதிரை பிடிப்பதே பெரும்பாடு. நானும் மகளும் போனது சாதாரண வெள்ளிக்கிழமை ஒன்றில்.

செறிப்பழமும் சொக்லேற் துண்டுகளும் கலந்தது வேண்டுமென்றாள். விலையைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணமும் இரண்டு கரண்டியும் கேட்டேன். பாகில் ஊறிய செறி, வாயில் வைத்தவுடனேயே இனித்தது. சொக்லேற் அப்படியல்ல. குளிரில் இறுகி, சிறு கல்லைப் போலக் கடிபட்டது. வாய்ச் சூட்டில் சற்று வைத்திருந்த பிறகுதான் கசப்பும் இனிப்புமாகக் கரைந்தது. அவசரப்பட்டு விழுங்கினால் காசு வீண்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது என் தங்கைக்கு நாலு வயது. எங்கள் ஊர்க் கடையில் ஐஸ்கிறீமும் அதோடு நின்றது. அது எப்படி இருக்கும் என்று கேட்டபடியே இருப்பாள். "கரண்ட் வரட்டும், வாங்கித் தாறன்" என்பேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் சனத்தோடு சனமாகச் செம்மணி வழியால் நடந்தபோதும் அதையே சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வன்னியிலிருந்து நான் திரும்பி வந்தேன். அவள் வரவில்லை.

"அம்மா, கரையுது, சாப்பிடுங்கோ."

கிண்ணத்தின் அடியில் ஒரு செறி மிஞ்சியிருந்தது. மகள் அதைக் கரண்டியால் என் பக்கம் தள்ளிவிட்டாள். வேறு நாளென்றால் அவளுக்கே கொடுத்திருப்பேன். அன்றைக்கு நானே சாப்பிட்டேன்.